விரலை எண்ணிப் பார்த்துக்கோ

எங்கள் தொழிலில் மெட்டு முதலில் பிறக்கும். வரிகள் சாவகாசமாக வந்து சேரும். அதுவரை மெட்டு மறந்துபோகாமல் இருக்க, வாயில் வந்த வார்த்தைகளைப் போட்டு ஒருவர் பாடி வைப்பார். அதற்கு டம்மி வரிகள் என்று பெயர். கதவு, ஜன்னல், குடை, தொப்பி, எது வேண்டுமானாலும் பொருந்தும். பெரிய பாடகர் வந்து நிஜ வரிகளைப் பாடியதும் டம்மிக் குரலை அணைத்துவிடுவேன். நான் ஒலிப்பதிவாளன், டம்மி பாடுகிறவள் என் தங்கை.

தகரப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்று தன் வெள்ளிவிழாவுக்குப் பாட்டு கேட்டது. தங்கையின் வீட்டுக்காரர் அங்கேதான் தகரத்தை அழுத்தி வெட்டும் ஏழாம் நம்பர் பிரஸ் மெஷினில் வேலை பார்க்கிறார். கை உள்ளே போகாமல் தடுக்கும் தகட்டை, வேகம் குறைகிறது என்று எல்லா மெஷினிலிருந்தும் கழற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. எட்டாம் நம்பர்காரருக்கு இரண்டு விரல் போய்விட்டது. பதிவு நாளில் தங்கையின் வாயில் கதவும் வரவில்லை, ஜன்னலும் வரவில்லை.

கையைக் காக்கும் தகடு எங்கே,
கழற்றிப் போட்டாச்சு, வேகம் வேணுமாம்.
விரலை எண்ணிப் பார்த்துக்கோ அண்ணே,
வீட்டுக்குக் கிளம்பும் முன்னாலே.

பாடும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "சுருதி சுத்தமா இருக்கு" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்ட வீரன்.

பாட்டு முடிந்தபோது என் கணினியில் 'இறுதி', 'இறுதி நிஜம்', 'இறுதி நிஜம் இரண்டு' என்று மூன்று கோப்புகள் இருந்தன. ஒன்றில் டம்மிக் குரல் அணைந்திருந்தது. நான் அனுப்பி வைத்ததில் பெரிய பாடகர் அணைந்திருந்தார்.

விழா மைதானத்தில் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் இரண்டாவது சரணம் வரைக்கும் தாளம் போட்டார்களாம். கீழே இருந்தவர்களுக்கு முதல் வரியே போதுமானதாக இருந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் எல்லார் கைப்பேசியிலும் பாட்டு ஏறிவிட்டது. யார் குரல் என்று தெரிந்தால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும். எங்கள் மூவருக்கும் அன்றிலிருந்து தூக்கமில்லை.

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்குக் கம்பெனியின் பணியாளர் அதிகாரி எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் ஸ்பீக்கரை அணைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை காதில் ஹெட்போனோடு ஒரு சோப்பு விளம்பரத்தைப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குரல் யாரோடது?" என்றார் அதிகாரி.

"வெளியூர்ப் பொண்ணு சார். அன்னிக்கே ரயிலேறிப் போயிடுச்சு. பேர்கூட ஞாபகமில்ல."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "அந்தம்மா பாடறாங்க. சத்தத்தைக் காணோம்."

"தொண்டையைச் சரி பண்ணிக்கறாங்க சார்."

"இவ்வளவு நேரமாவா? நான் மாடிப்படி ஏறும்போது சோப்புப் பாட்டு நல்லாவே கேட்டுச்சே. ஸ்பீக்கரைப் போடுங்க."

குரலின் சுருதியை ஏற்றி இறக்க ஒரு வசதி உண்டு. நாலு படி இறக்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன். மென்மையான சருமத்தைப் பற்றி லாரி ஓட்டுநர் ஒருவர் உருகிப் பாடுவது போல அறை அதிர்ந்தது.

"சோப்புக்கு இந்தக் குரலா?"

"ஆம்பளைங்க சோப்பு சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. எட்டி, உள்ளே இருப்பவரிடம் பேசும் பொத்தானை அழுத்தினார். "அம்மா, நான் பெட்டி கம்பெனிலேருந்து வர்றேன். எங்க விழாப் பாட்டைப் பாடினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தங்கை என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினால் அவர் கவனிப்பார் என்று புருவத்தால் கெஞ்சினேன். அவள் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தான் சார் பாடினேன்."

"விளையாட்டுக்குச் சொல்லுது சார், இது எப்பவுமே..."

"அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி பேரா ஞாபகமில்ல உங்களுக்கு?"

மறுபடி தங்கை பக்கம் திரும்பினார். அவர் பேனாவைத் திறந்தார். "வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கறாரு?"

"உங்ககிட்டதான் சார். ஏழாம் நம்பர் பிரஸ்." அவள் திறந்த பேனாவைப் பார்த்தாள். "அவருக்கு இதுல சம்பந்தமில்ல. வரி என்னோடது, குரல் என்னோடது."

"அனுப்பினது நான்," என்றது ஒரு குரல். என்னுடையதுதான். எனக்கே புதிதாக இருந்தது.

அதிகாரி கைப்பேசியை மேசையில் வைத்து ஃபோர்மேனை அழைத்தார். "ஏழாம் நம்பர் ஆளை உடனே ஆபீசுக்கு அனுப்பு."

கைப்பேசி ஸ்பீக்கரில் ஃபோர்மேன் தயங்கியது கேட்டது. "ஒரு மணி நேரமா நானே உங்களைக் கூப்பிடலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன் சார். மெஷின் எல்லாம் நிக்குது. தகடு மாட்டினாத்தான் சுவிட்சைத் தொடுவாங்களாம்." யாரிடமோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "அவர் வரேங்கறாரு சார். மத்தவங்க விட மாட்டேங்கறாங்க. வந்தா நாப்பது பேரும் வருவாங்களாம். ஆபீஸ்ல அத்தனை நாற்காலி இருக்கான்னு கேக்கறாங்க."

ஃபோர்மேனுக்குப் பின்னால் தங்கையின் வரிகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேருக்கு நாற்பது சுருதி. தாளம் மட்டும் கல் மாதிரி நின்றது. தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டார். வேறு வழியும் இல்லை. கடைசியில், "கழற்றின தகடெல்லாம் எங்கே இருக்கு?" என்றார்.

"ஸ்டோர்ல சார்."

"எடுத்து மாட்டச் சொல்லு."

"ஏழாம் நம்பர் ஆள் சார்?"

அவர் தங்கையைப் பார்க்காமல் பேனாவை மூடினார். "இருக்கட்டும். இன்னிக்கு வேண்டாம்."

அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு வேண்டாம்னா, அடுத்த மாசம் தூக்குவாங்களா அண்ணே?"

"தூக்கலாம்," என்றேன். "தூக்கினா சாமானைக் கட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. மாடி அறை சும்மாதான் கிடக்கு."

"அண்ணிகிட்ட கேட்டியா?"

"கேக்கணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "வேண்டாம், நானே கேட்டுக்கறேன்," என்று என் கைப்பேசிக்காகக் கையை நீட்டினாள்.