சிங்க்கில் போன ஆன்டிபாடி

வேலை முடிந்ததும் ஆன்டிபாடியைக் குப்பியில் திரும்ப ஊற்ற வேண்டும், கழுவிய தண்ணீரைச் சிங்க்கில் கொட்ட வேண்டும். ஆய்வகத்தில் இளையவளான நாம்ஃபோன் எந்த நினைப்பில் இருந்தாளோ, மாற்றிச் செய்துவிட்டாள். பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான். புதிது வாங்க வெளிநாட்டிலிருந்து மாதக்கணக்கில் ஆகுமென்பதால், தாய்லாந்தின் கோன்கேன் ஆய்வகத்தில் ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதிலும் அது இரவல் வாங்கிய குப்பி! தண்ணீர்க் குப்பியைச் சத்தமில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வாசலிலிருந்த சாமிக்கு அவித்த முட்டை நேர்ந்துகொண்டாள்.

குப்பிக்குச் சொந்தக்காரியான ரட்சனிக்கோ அது ஆன்டிபாடி இல்லை, புருஷன். பித்தநாளப் புற்றணுவின் மேல் ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறதென்று நிரூபிக்க வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறாள். ஆன்டிபாடி அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும். ஆன்டிபாடியின் மேல் இன்னொரு மருந்து ஒட்டி ஒளிரும். அந்த ஒளி படத்தில் கோடாக விழுந்தால், புரதம் இருக்கிறதென்று அர்த்தம். வெள்ளிக்கிழமை முனைவர் பட்டத் தேர்வு. கடைசியாக ஒரு நல்ல படம் வேண்டுமென்று, அடுத்த வாரம் ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்தாள்.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? என் புருஷன பத்திரமா வீட்ல கொண்டாந்து விட்டியா இல்லியா?"

"விட்டேன்க்கா."

"வயசாயிடுச்சு அவனுக்கு. ஆனா வேலைல சுணங்க மாட்டான், பாரு."

படம் வெறுமையாக வரும், குப்பி பழசென்று பழியைப் போட்டுவிடலாம் என்று நாம்ஃபோன் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் ரட்சனி சோதனையை முடித்ததும் திரையில் பளிச்சென்று கோடு விழுந்தது.

"பாத்தியா என் சிங்கத்த!" என்று ரட்சனி குதித்தாள்.

அப்பாடா, சாமி காப்பாற்றிவிட்டார் என்று நாம்ஃபோனுக்கு உயிர் வந்தது. மறுகணமே திரையை உற்றுப் பார்த்தாள். ஆன்டிபாடியே இல்லாத தண்ணீரில் எது ஒளிர்ந்தது? அந்த ஒளிரும் மருந்து தானாகவே வேறெதிலோ போய் ஒட்டியிருக்கிறது!

ரட்சனி படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பப் போனாள்.

"அக்கா, அனுப்பாதீங்க!"

"ஏன்டி, கண்ணு பட்டுடுமா?"

"அதுல உங்க வீட்டுக்காரர் இல்லக்கா. போன வாரமே தெரியாம சிங்க்கில கொட்டிட்டேன். குப்பில இருந்தது கழுவின தண்ணி."

"போடி, தண்ணிக்கு இவ்ளோ அழகா கோடு..."

ரட்சனி பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் விழுந்த அதே இடம், அதே கோடு. ஆன்டிபாடி இல்லாமல் ஒருமுறை செய்து பார்க்க வேண்டுமென்பது முதல் வருஷப் பாடம். கோடு சரியான இடத்தில் விழுந்த குஷியில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டவள் கடைசிவரை பார்க்கவேயில்லை. ரட்சனி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திட்டிடுங்கக்கா." நாம்ஃபோனுக்கு அழுகை முட்டியது.

"உன்ன எதுக்குடி திட்டணும்? நான் செய்ய வேண்டிய சோதனைய நீ தூங்கிக்கிட்டே செஞ்சு முடிச்சிட்ட." சிரிக்கப் பார்த்தாள், கண்ணில் நீர் கொட்டியது. "இல்லாட்டி வெள்ளிக்கிழம அத்தன பேர் முன்னாடி இந்தப் பொய்யத்தான் பெருமையா காட்டியிருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேராசிரியருக்குப் போன் போட்டாள். "சார், வெள்ளிக்கிழமை வேண்டாம் சார்" என்றாள், குரல் உடையாமல்.