ஒரே தாமரையில் இருவர்

ஒசாகா நகரத்தின் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வானமும் பூமியும் கைகட்டி நின்று பார்த்த மகத்தான காதல் ஒன்று நேற்று விடியலில், ஆற்றங்கரைப் பைன்மரத்தடியில், ஒரு சவரக்கத்தியால் அமரத்துவம் எய்தியது.

இதை எழுதியவர் பொம்மை நாடகக் கொட்டகைக்காரர் ஷோராகு. இழவு வீட்டு வாசலில் நின்று உரக்கப் படித்தும் காட்டினார். உள்ளே ஷிகே தன் தங்கை நவோவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வழக்கப்படி முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். செத்தவர்களுக்கு எல்லாமே தலைகீழ்.

நவோவின் விரல்கள் இறுக மூடியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே ஆழமான வெட்டு. கத்தியைப் பிடித்துத் தடுத்தவளின் கைகள்.

ஷிகே வெளியே வந்தாள்.

"அழாதீங்கம்மா," என்றார் ஷோராகு. "உங்க தங்கச்சி சிரிச்ச முகமாத்தான் போயிருக்கும். எங்க மூணாவது அங்கத்துல அப்படித்தான் வருது."

"நான் எங்க அழறேன்? அவ கையைப் பாத்தீங்களா?"

"பொம்மைக்குக் கை சின்னதும்மா. கடைசி வரிசைக்குத் தெரியாது."

தெருப் பெரியவர் யாசுகே கனைத்தார். நவோவை வெட்டிவிட்டுத் தன்னையும் அறுத்துக்கொண்ட செருப்புவார்க் கடைக் குமாஸ்தா கிசாபுரோவின் சவ ஊர்வல ஏற்பாடெல்லாம் அவருடையதுதான். "ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல புதைக்கிறதாப் பேசி முடிச்சாச்சு. சேர்ந்து செத்தவங்க மறுபிறவில ஒரே தாமரையில பிறப்பாங்க."

"அங்கயும் அவன்கூடவா?"

"என்ன பேச்சு இது?"

"போன மாசமே அவனை வேணாம்னுட்டா. தொல்லை தாங்கலைன்னு உங்ககிட்டயே வந்து நின்னா. நீங்க என்ன சொன்னீங்க? 'பையன் உருகுறான், கொஞ்சம் சிரிச்சுப் பேசினா கொறைஞ்சா போயிடுவே?'ன்னீங்க."

பெரியவர் தன் விசிறியில் வரைந்திருந்த நாரையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதைப் போட்டா நாடகம் ஓடாதும்மா," என்றார் ஷோராகு, உண்மையான வருத்தத்தோடு.

தெருமுனையில் கிசாபுரோவின் ஊர்வல மணி ஒலித்தது. "நேரமாச்சு. நாங்க முன்னால போறோம், நீங்க பின்னாலயே தூக்கிட்டு வாங்க," என்று பெரியவர் நடையைக் கட்டினார். ஷோராகு அவருக்கு முன்னால் ஓடினார்.

ஊர் வழக்கப்படி சவப்பெட்டியாக நவோவை உட்காரவைத்து மூடிய மரத்தொட்டியை ஷிகேயின் கணவன் தொமோசோ கயிற்றால் கட்டி, கழியில் கோத்தான். படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவன், பேச்சு குறைவு.

"எந்தப் பக்கம்?"

"அம்மாவைப் புதைச்ச கோயிலுக்கு."

"அது எதிர்ப்பக்கமாச்சே."

"ஆமா."

அவன் முன்முனையைத் தூக்கினான். அவள் பின்முனையைத் தோளில் வைத்துக்கொண்டாள்.

வழியில் யாரும் தடுக்கவில்லை. தெரு முழுக்க கிசாபுரோவின் ஊர்வலத்துக்குப் போயிருந்தது.