முழு இருதயமும் சாதிச் சான்றிதழும்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸப் செய்தியில் தொடங்கியது. கோபம் அதற்குப் பிறகு வந்தது, இன்னும் போகவில்லை. எங்கள் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டிருந்தார்: "முழு இருதயத்தோட ஆண்டவரைத் தேடுறதப் பத்தி ஒரு சிறுகதை வேணும்ணே. நம்ம வலங்கைமான் பக்கத்து எளிய விசுவாசி ஒருத்தர வச்சு எழுதுங்க. கடைசில ஞானஸ்நானம் எடுக்கணும். மனச உருக்குற மாதிரி இருக்கட்டும்."

எளிய விசுவாசி என்றதும் எனக்குத் தங்கம்மாள் ஞாபகம் வந்தார். நான் அங்கேயே மறுத்திருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

வறண்டு கிடந்த ஆற்றங்கரையில், ஏழை விதவையான தங்கம்மாள் கண்ணீரோடு முழங்காலில் —

(நிறுத்து. தங்கம்மாள் விதவை இல்லை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தினமும் போனில் சண்டை போடுகிறார். ஆற்றில் தண்ணீர் தாராளமாகப் போகிறது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பத்திரிகைக் கதைகளில் ஏழைகள் முதல் வரியிலேயே ஏன் அழ வேண்டும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.)

இரண்டாவது தொடக்கம், உள்ளது உள்ளபடி:

தங்கம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. நடவு, களையெடுப்பு, அதுவும் இல்லாதபோது நூறு நாள் வேலை. பதினோரு வருடமாக ஞாயிறு தவறாமல் எங்கள் ஆலயத்துக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்துகொண்டே நடவுக்குப் போவார். சேற்றில் குனிந்தபடி, வரிசைக்கு ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி ஜெபிப்பது அவர் வழக்கம். அவரை வாசலோடு நிறுத்திவைக்கிற வீடுகளும் அதில் உண்டு. திருவிருந்து முடிந்ததும் திராட்சரசம் கொடுத்த சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவி அடுக்குவது அவர்தான். ஒருமுறைகூட அவற்றில் குடித்ததில்லை, ஏனென்றால் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது.

3

ஏன் பெறவில்லை? தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், கட்டுரை வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கம்மாளின் குடும்பம் பட்டியல் சாதி. இந்து என்று இருக்கும்வரை எஸ்.சி. சான்றிதழ் உண்டு. கிறிஸ்தவர் என்று பதிவானால் அது போய்விடும், பி.சி. என்று எழுதிவிடுவார்கள். தெரு மாறாது. டீக்கடையில் பார்க்கிற பார்வை மாறாது. பெண் கேட்டு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியும் மாறாது. காகிதம் மட்டும் மாறும்.

மகள் சுடர்விழி நர்சிங் முடித்து, அரசு வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறாள். அம்மா ஞானஸ்நானம் எடுத்தது தெரிந்தால், குடும்பமே மதம் மாறிவிட்டது என்று எழுதி அவள் சான்றிதழையும் ரத்து செய்யலாம், அந்த வேலை போகலாம். விஷயம் இவ்வளவுதான்.

4

தை மாதம், அறுப்பின் பண்டிகை. சம்பா அறுவடை முடிந்து, தங்கம்மாள் ஒரு கட்டுக் கதிரைத் தலையில் சுமந்து வந்து பீடத்தின் முன் வைத்தார். பாஸ்டர் பிரசங்கத்தில் தங்கம்மாள் உட்கார்ந்திருந்த பின்வரிசையைப் பார்த்தே பேசினார்.

"சர்ச்சுக்கு ஒரு சாமி, சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு சாமின்னு சிலர் இருக்காங்க. பாதி இருதயத்த ஆண்டவர் கையாலகூடத் தொடமாட்டார்."

சபை ஆமென் சொன்னது. நானும் சொன்னேன்.

(அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே: உங்களுக்கு என்னை ஏசடியான் என்றுதான் தெரியும். பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது வைத்த பெயர். அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கையெழுத்துப் போட்டவர் மருதையன், இந்து, எஸ்.சி. இன்றைக்கும் பென்ஷன் வாங்குகிறவர் அவர்தான். பாஸ்டரோ பரம்பரைக் கிறிஸ்தவர், தாத்தா காலத்திலிருந்தே பி.சி. இழக்க எதுவும் இல்லாதவரும், இழக்காமல் ஒளித்துக்கொண்டவனும் சேர்ந்து தங்கம்மாளுக்கு முழு இருதயம் போதித்தோம். எழுதும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.)

5

மறுநாளே தங்கம்மாள் பாஸ்டர் வீட்டுக்குப் போய், வருகிற ஞாயிறே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். பாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "கொஞ்சம் பொறுங்கம்மா. காலம் சரியில்ல. சரிபார்ப்பு நேரத்துல குடுத்து, எவனாவது மனு எழுதிப் போட்டா சபைக்குல்ல பிரச்சினை."

இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தங்கம்மாள் சொன்னார்: "பிரசங்கத்துல இருந்த அவசரம் வீட்டுல இல்ல சார்."

"சுடர் என்னம்மா சொல்லுது?"

"ஆர்டர் கைக்கு வந்ததும் எடுத்துக்கம்மாங்குது. பதினோரு வருசமா நானும் அதத்தானே ஆண்டவர்கிட்டச் சொல்றேன். பத்தாவது முடியட்டும், பன்னெண்டாவது முடியட்டும், நர்சிங் முடியட்டும்னு. அவரு பொறுத்துக்கிட்டாரு. எனக்குத்தான் வெக்கமா இருக்குது."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி சொன்னார்:

"என்னோடது எதக் கேட்டாலும் குடுத்துருவேன் சார், உசிரையும் சேத்து. இது எம்மவளோடது. அதத் தூக்கிக் குடுத்துட்டு, நான் முழு மனசுக்காரின்னு எப்படிச் சொல்லிக்கிறது?"

நாற்பது வருடமாகப் பிரசங்கம் கேட்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு பிரசங்கியாரும் கேட்டதில்லை.

6

பத்திரிகைக்குத் தோதான முடிவுகள்:

அ) ஞானஸ்நானம் எடுக்கிறார். வேலை போகிறது. அடுத்த வாரமே ஒரு பெரிய ஆஸ்பத்திரி சுடர்விழியை இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடு —

(அரை மணியில் எழுதிவிடலாம். ஆண்டவரை நஷ்டஈடு கொடுக்கும் ஆபீசாக்குகிற இந்தக் கதையை எழுத எனக்கு மனசில்லை.)

ஆ) எடுக்கவில்லை. குற்ற உணர்வில் நோய்வாய்ப்பட்டு —

(அடுத்த வருடப் பிரசங்கத்துக்கு உதாரணமாக ஆகிவிடுவார். முடியாது.)

இ) சுடர்விழி தன் சான்றிதழைத் தானே கிழித்துப் போட்டு அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள்.

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். "மொதல்ல உங்களோடதக் கிழிங்க சார், அப்புறம் எங்களோடதக் கிழிச்சு எழுதலாம்" என்றாள். மருதையன் யார் என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

7

இனி நடந்தது. போன புதன்கிழமை காலை வி.ஏ.ஓ. மேகலா தங்கம்மாள் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தார். யாரோ மொட்டை மனு போட்டிருந்தார்கள். மனுவோடு ஒரு போட்டோ: பீடத்தின் முன்னே தலையில் கதிர்க்கட்டோடு தங்கம்மாள். படம் எடுத்தது எங்கள் சபை. 'அறுப்பின் மகிழ்ச்சி' என்று எழுதி முகநூலில் போட்டதும் எங்கள் சபைதான். பாஸ்டர் அன்றைக்கு ஊரில் இல்லை.

உள்ளூர் சாட்சி ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ரிட்டயர்ட் அரசு ஊழியர், கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

மேகலா கெட்டவர் இல்லை. "ஒரே கேள்விதாம்மா. நீங்க இந்துவா, கிறிஸ்டியனா? கோயிலுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதி முடிச்சுர்றேன். எனக்கும் இன்னும் நாலு ஊர் போகணும்."

சுடர்விழி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கம்மாள் மகளைப் பார்த்தார், மேகலாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார்.

"சாட்சிக்கு வந்தவங்க மொதல்ல சொல்லட்டும் மேடம். சாரு சொன்னதுக்கு அப்புறம் நான் சொல்றேன்."

மேகலா என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க சார். நீங்க?"

8

இந்த இடத்தை ஒன்பது முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இங்கேயே —

ஆசிரியர் அவர்களே, நீங்கள் கேட்ட முடிவு என்னிடம் இல்லை. தங்கம்மாளின் இருதயம் முழுதா பாதியா என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கு முன்னால் ஒருவர் வாய் திறக்க வேண்டும். புதன்கிழமை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் என்னைப் பாராட்டுவீர்கள், இல்லை திட்டுவீர்கள். இரண்டிலும் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள்.

வாசகரே, நீங்களும் அன்றைக்கு ஆமென் சொன்னவர்தானே. எழுந்து இந்த இடத்துக்கு வாருங்கள். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேகலா பேனாவோடு உங்களைத்தான் கேட்கிறார்.