நடுவில் ஒரு 'ப்'

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கண் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் வரிசைக்கான மென்பொருளை எழுதியவள் அவள். ஹாலில் தொங்கும் பெரிய போர்டில் அடுத்து உள்ளே போகவேண்டிய ஐந்து பேரைக் காட்டும் வசதியைப் புதிதாகச் சேர்த்து, இன்று காலைதான் ஓடவிட்டிருந்தார்கள்.

"வெளியே உக்கார இடமில்லையாம். உள்ளே டாக்டரோட லிஸ்ட் காலியாம். ஆளே வரலைன்னு அவர் பேப்பர் படிச்சிட்டிருக்காராம்," என்றார் மேனேஜர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அவள் மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்பப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தான் எழுதியதைத் தானே படித்தால் அப்படித்தான். என்ன எழுத நினைத்தோமோ அதைத்தான் கண் படிக்கிறது.

போன் அதிர்ந்தது. அம்மா. மேனேஜர் பக்கத்தில் இருந்தால் அவள் எடுக்கமாட்டாள். ஆனால் அம்மா இன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் இருந்தாள். 'என் பொண்ணு சாஃப்ட்வேர் போட்ட இடம்' என்று அடம்பிடித்து அங்கேதான் கண்ணைக் காட்டப் போயிருந்தாள்.

"வேலையா இருக்கியாடி? ஒண்ணுமில்ல. எனக்கு ஆபரேஷன்னே சொல்லிடுவாங்க போலிருக்கு."

"ஏம்மா, டாக்டர் பாத்தாரா?"

"எங்க பாத்தாரு. போர்டுல என் பேரு வந்துச்சு. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுப் பாத்தா இல்ல. வந்த பேரெல்லாம் இப்படித்தான் காணாமப் போகுது. கண்ணு ரொம்பக் கெட்டுப்போச்சுடி."

"நர்ஸைக் கேக்க வேண்டியதுதானே?"

"நீ எழுதினது தப்புன்னு நானே போய்ச் சொல்லவா?"

வந்த பேரெல்லாம். அவள் நேராக, போர்டுக்கு ஐந்து பேரை எடுத்துக் கொடுக்கும் வரிக்குப் போனாள். அங்கே ஸ்லைஸ் என்று கட்டளை எழுதினால், பட்டியலைத் தொடாமல் ஐந்து பேரை மட்டும் பார்த்துச் சொல்லும். ஸ்ப்லைஸ் என்று எழுதினால், அந்த ஐந்து பேரையும் பட்டியலிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும். எடுத்துக் காட்டச் சொன்னால் எடுத்துக்கொண்டே போய்விடுகிற ரகம். வித்தியாசம் நடுவில் ஒரு 'ப்'. போர்டில் பேர் வந்த அத்தனை பேரும் அந்த நொடியே வரிசையை விட்டு வெளியே போயிருந்தார்கள், அம்மாவும்தான்.

அவமானமாக இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு காலையிலிருந்து நர்ஸிடம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. 'ப்'பை அழித்தாள். காலைப் பதிவிலிருந்து பட்டியலை மறுபடி நிரப்பி அனுப்பினாள். மேனேஜர் அந்த ஓர் எழுத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், காபி எடுக்க எழுந்து போனார்.

"அம்மா, உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தப்பு நான் பண்ணது."

"மெதுவாப் பேசு," என்று அம்மாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட இவ்வளவு நேரமா உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருக்கேன்."

"சரி, இப்ப போர்டைப் பாரு. பேரு நிக்குதா?"

"நிக்கிற மாதிரிதான் இருக்கு. என்னை நம்பாதே. இரு, இவங்களைப் படிக்கச் சொல்றேன்."

முன்பின் தெரியாத ஒரு பெண்குரல் அம்மாவின் பேரை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தது. இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கா?" என்று அம்மா அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"இருக்கு."

"இன்னும்?"

"இன்னும் இருக்குங்க."