அபூ ஆயித்தின் கோப்பை

சிரியப் பாலைவனத்தில், தத்மூர் பழைய நகரத்தின் உடைந்த தூண்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஹவ்வாஸின் பிக்கப் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் மெத்தையில் கிடந்த மனைவி நூஃபாவுக்கு விடியும்போதே பிரசவ வலி எடுத்துவிட்டது. ஹோம்ஸ் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதி வழி. கண்ணுக்கெட்டிய வரை ஒரே ஒரு கூடாரம், அதன் பக்கத்தில் ஒரு வண்டி. பார்த்ததுமே ஹவ்வாஸுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது மிஷ்அலின் கூடாரம். போன குளிர்காலத்தில் ஹவ்வாஸின் தம்பி ஓட்டிய லாரியில் அடிபட்டுச் செத்த ஆயித்தின் அப்பா அவர். இரண்டு வீட்டுக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

"போய்யா," என்றாள் நூஃபா பல்லைக் கடித்துக்கொண்டு. "மொதல்ல அவங்க வண்டிய கேட்டு வாங்கிட்டு வா. அப்புறம் அவங்க உன்ன வெட்டட்டும்."

ஹவ்வாஸ் கூடாரத்துக்குள் நுழைந்ததும் மிஷ்அல் எழுந்து வரவேற்றார். வந்தவன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, வாய்விட்டுக் கேட்கவில்லை. உட்கார வைத்துக் காப்பி ஊற்றி நீட்டினார்.

உதவி கேட்டு வந்தவன் அதைக் குடிக்காமல் கீழே வைக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். வைத்தால், என்ன வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டாக வேண்டும். கேட்டதைக் கொடுத்தால்தான் அவருக்கு மரியாதை. குடித்துவிட்டால் வெறும் விருந்தாளி, அவ்வளவுதான். ஹவ்வாஸுக்குத் தெரியாததில்லை. ஆனால் பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. மூத்த மகன் பேரை வைத்து அபூ ஆயித், ஆயித்தின் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தப் பேரை எந்த வாயால் சொல்வது? அந்தத் தவிப்பில் கை தானாகக் கோப்பையைத் தூக்கியது. வறண்ட தொண்டை ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

பாவி, என்ன காரியம் செய்தேன் என்று தன்னையே நொந்துகொண்டான். வெளியே நூஃபா அலறினாள்.

மிஷ்அல் காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சிட்டியே," என்றார்.

ஹவ்வாஸ் தலையைத் தொங்கப் போட்டான்.

"காலையிலருந்து புழுதிக் காத்து. அதுல மண்ணு விழுந்திருக்கும். மண்ணு விழுந்தத எங்க வீட்டுல காப்பின்னு சொல்றதில்ல." கோப்பையைக் கழுவி, மறுபடி ஊற்றி, அவன் முன்னால் வைத்தார். குரலில் ஈரமே இல்லை.

ஹவ்வாஸ் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

"என்ன வேணும் உனக்கு?"

"அபூ ஆயித்..."

"வண்டி வேணும்," என்றான் அவன். "எம் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி." மகன் பேரைக் கேட்ட பெரியவர் கையில் காப்பிக் கூஜா சாய்ந்தபடியே நின்றது. அதன் மூக்கிலிருந்து ஒரு சொட்டு கம்பளத்தில் விழுந்தது, பிறகு இன்னொன்று.