மூன்றாம் அறையின் காற்று

மூன்றாம் அறையின் காற்று கெட்டியான அன்று காலை, ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவள் தன் கணவரின் சட்டையில் இரண்டாம் பொத்தான் ஒற்றை நூலில் தொங்குவதைக் கண்டாள். "கழட்டிக் கொடுங்க, ரெண்டு நிமிஷத்துல தைச்சிடறேன்." "இத்தனை பேர் நடுவுலயா? சாயங்காலம் பாத்துக்கலாம் போ" என்று சிரித்தபடி அவர் உள்ளே போனார்.

வினையூக்கியை ஏற்றி வைக்கும் பிளாஸ்டிக் மணிகளைச் செய்வது அவர் வேலை. அதற்கான ஸ்டைரீன் என்ற திரவம், தானாக இறுகிவிடாதிருக்கத் தடுப்பு மருந்து கலந்தே வரும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காரநீரில் கழுவி அந்த மருந்தை நீக்குவார்கள். கழுவியதை உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கழுவினால் அவருக்குத் தலைவலி வரும். அதனால் முந்தின நாள் அவள் ஒரு கேன் முழுவதையும் தானே கழுவினாள். கேன் ஃபிரிட்ஜுக்குள் நுழையவில்லை. அவர் வேலை செய்யும் மூன்றாம் அறையின் ஜன்னலோரம் வைத்தாள், சொல்லாமல் வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அங்கேதான் வெயில் விழும்.

பதினொன்றே காலுக்குக் கேன் இறுகியது. கேனோடு நிற்கவில்லை. மேசையையும் தராசையும் சூழ்ந்து கூரை வரை காற்றும் கண்ணாடிபோல் கெட்டியானது. கதவுப் பக்கம் திரும்பியவர் திரும்பியபடியே நின்றுபோனார். ஆண்டுக்கு ஒருமுறை கண் சிமிட்டினார். இறந்ததாக எழுத முடியாது என்றார் டாக்டர். வேலைக்கு வந்ததாக எழுத முடியாது என்றார் டைரக்டர்.

அவள் கதவிடுக்கில், பிளாஸ்டிக்கைக் கரைக்கும் டொலுவீனை ஊற்றிப் பார்த்தாள். "வெறும் இழையா இருந்தா கரைஞ்சிருக்கும்மா" என்றார் பக்கத்து அறைக்காரர். "இழையை இழையோட கோக்கற பின்னல் மருந்தையும் உங்க வீட்டுக்காரர் அன்னிக்கே அதுல ஊத்திட்டார். வலையாயிடுச்சு. உப்புமே தவிர கரையாது." அறை உப்பத்தான் செய்தது. கதவு நிலை விரிசல் விட்டது. அவர் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. அன்றோடு பாட்டிலை மூடினாள்.

நாத்தனார் வந்து பார்த்தார். "அவன் உள்ள மாட்டிக்கிட்டான், நீ வெளிய மாட்டிக்கிட்டே. ரெண்டு நாள் வீட்டுக்கு வந்து இரேன்."

"சிமிட்டுற நேரத்துல நான் இல்லாம போயிட்டா, அண்ணி?"

மூன்று முறை இடமாற்ற உத்தரவு வந்தது. அவள் ஸ்டோர் மேசையை நடைவழிக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. பதினாறு ஆண்டுகளில் அவள் தலை நரைத்தது, அவருக்கு முப்பத்தெட்டுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்த அறைக்கு முன்னால் நின்று தலைவாரிக்கொள்கிறார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, மறைக்குது" என்பாள்.

அவள் கைப்பையில் நூல் கோத்த ஊசி இருக்கிறது. அவர் சட்டையின் இரண்டாம் பொத்தான் இன்னும் ஒற்றை நூலில்தான் தொங்குகிறது. விழவில்லை.