தலையணைப் பாட்டி

தனக்கு என்ன வேடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பாட்டி விளையாடத் தரையில் உட்காரமாட்டாள். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முழங்கால் ஆயிரம் பேரம் பேசும்.

"இன்னைக்கு என்ன ஆட்டம், ராசா?"

"வீட்டு ஆட்டம்," என்றான் பேரன். ஆள் முளைத்து மூன்று இலை விடவில்லை, அதிகாரம் மட்டும் ஜாஸ்தி. "நான் அப்பா. நீ அம்மா."

பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிற பிள்ளைக்கு வலி வயிற்றிலா வீட்டுப்பாடத்திலா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். டீச்சர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள். ஊரார் பிள்ளை முகத்தையெல்லாம் படித்தவள் தன் பிள்ளை முகத்தை மட்டும் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

அந்தப் பொன் குஞ்சு லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் நிதானமாகப் பேசியே வெளியே கொண்டுவந்துவிடுவான், தங்கமான மனுஷன் என்று வேலையிடத்தில் பேர். அன்று காலை கிளம்பும்போது, "அவ பிள்ளையைக் கூட்டிட்டு அக்கா வீட்டோட போறேங்கறாம்மா. நீ சொன்னா கேப்பா. போனான்னா அப்புறம் பேரனை மறந்துட வேண்டியதுதான், பாத்துக்க," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மருமகள் மருந்துக்கடை வேலை முடிந்து மாலையில்தான் வருவாள். அவளை எப்படித் தடுப்பது என்று பாட்டி மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். பேரன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நீ சாப்பாடு வை. நான் வேலைக்குப் போய்ட்டு வர்றேன்."

சமையலறையில் அவள் காலித் தட்டை வைத்தாள். பேரன் வெளியே போய், காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தான். தட்டைப் பார்த்தான்.

"இதெல்லாம் ஒரு சாப்பாடா?"

கத்தவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். அது அவள் மகனின் குரல். பாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப நான் கதவைச் சாத்துவேன். நீ குழாயைத் திறந்து விடணும்."

"குழாய் எதுக்குடா?"

"அழற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல?" இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தான். "அப்புறம் நான் இங்க அடிப்பேன். மெதுவாத்தான் அடிப்பேன் பாட்டி, பயப்படாத."

அவன் விரல் தொட்ட இடம் முழங்கைக்கு மேலே, ரவிக்கைக் கை மூடுகிற இடம். தண்ணீரை இப்படித் திறந்துவிட்டால் டேங்க் என்னத்துக்கு ஆகும் என்று எத்தனை நாள் மருமகளிடம் கடுகடுத்திருக்கிறாள்.

கதவிடுக்கு வழியே பார்த்தாள். கூடத்தில், சோபாவில் ஒரு தலையணை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"அது யாரு?"

"அதுதான் பாட்டி."

"பாட்டி என்ன பண்ணுவா?"

"டிவி சத்தத்தைக் கூட்டுவா."

"நீ?"

"நான் பாட்டி பக்கத்துல உக்காந்திருப்பேன்."

குழாய்ச் சத்தத்தில் சீரியல் கேட்கவில்லை, அதனால்தான் கூட்டினேன் என்று அவள் சொல்லலாம். இதுநாள்வரை தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமாம். தண்ணீர்ச் சத்தத்துக்கு உள்ளே வேறொரு சத்தம் இருந்தது அவளுக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவளுடைய வேஷம் இத்தனை சுலபமாகப் பிடிபட்டிருக்கிறதே என்று வெட்கத்தில் காது சுட்டது.

மாலையில் மருமகள் வந்தாள், முகம் கழுவினாள், சமையலறைக்குப் போனாள். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் பாட்டிக்கு வாயில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மகனும் வந்தான்.

"சொன்னியாம்மா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குழாய் திறந்துகொண்டது. சோபாவில் பக்கத்தில் இருந்த பேரன் ரிமோட்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

பாட்டி அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மகனின் கை மருமகளின் தோளுக்குக் கீழே இறுகப் பிடித்திருந்தது. பாட்டி முதலில் குழாயை மூடினாள்.

"நீ போய் உக்காரும்மா. இது எங்க ரெண்டு பேருக்குள்ள," என்றான் அவன், அதே நிதானத்தோடு.

"உக்காந்தது போதும். கையை எடு. அவ கெளம்பட்டும், பிள்ளையையும் கூட்டிட்டுப் போகட்டும். நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் நான் உள்ளதைச் சொல்லுவேன்."

"பெத்தவதானா நீ? உன் பேரனை இனிமே பாக்க முடியாது, தெரியும்ல?"

"தெரியும்." பாட்டி வழியைவிட்டு நகராமல் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

அவன் கையை எடுத்தான். மருமகள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. விறுவிறுவென்று பிள்ளையின் துணிகளைப் பைக்குள் திணித்தாள். மகன் கூடத்தில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

பேரன் குழப்பத்தோடு வந்து புடவையைப் பிடித்து இழுத்தான். "பாட்டி, நீ இங்க வரக் கூடாது. தப்பா விளையாடுற."

"ஆமாடா கண்ணு," என்று அவனைத் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, மருமகளிடம் கொடுத்தாள்.

வாசலில் மருமகள் திரும்பினாள்.

"உங்களுக்குக் காது சரியாக் கேக்காதுன்னுதான் அத்தை இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்."

"நல்லாக் கேக்கும்," என்றாள் பாட்டி.

மருமகள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.